உண்டியலை உடைச்சவன் திருடன்; உண்டியலை எண்ணினவர் எடுத்தா 'லாப்ஸா'?

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணி கலக்கிக்கிட்டு உட்கார்ந்து படிங்க. படிச்ச பிறகு என் மேல கோபம் வந்தா நேர்ல வந்து திட்டுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அன்னதானக் கூடத்துலதான் இருப்பேன்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. தீர்மான வரைவு எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்திருக்கும். நல்ல தமிழ்ல எழுதியிருக்காங்க. திருப்பணிக் குழு, கணக்காய்வாளர் நியமனம், நவராத்திரி உபயப் பட்டியல் எல்லாம் தமிழ்லயே இருக்கு. ஏழாவது தீர்மானத்துல மட்டும் திடீர்னு ஒரு ஆங்கிலச் சொல் வந்து உட்கார்ந்திருக்கு. கடந்த ஆண்டு மூன்று உபயங்களின் வசூலில் ஏற்பட்ட 'நிர்வாக லாப்ஸ்' சரிசெய்யப்பட்டுவிட்டதாகப் பேரவை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம்.

நடந்தது என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். மூணு உபயதாரர் பணம் கட்டினாங்க. ரசீதும் வாங்கிட்டாங்க. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் தொகை இருக்கு. ஆனால் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை ஏறவில்லை. ஒரு உபயதாரர் தற்செயலாகக் கேட்ட பிறகு, நாலு மாசம் கழிச்சு, மூன்று தொகையும் ஒரே நாளில் வங்கிக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த நாலு மாசம் பணம் எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, ஏன் இருந்தது என்று யாரும் எழுத்தில் பதில் சொல்லவில்லை.

நான் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. யாரையும் திருடன் என்றும் சொல்லவில்லை. என் சண்டை அந்த ஒரு சொல்லோடுதான். 'லாப்ஸ்' என்ற சொல் லத்தீன் மொழியில் சறுக்கலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மழை ஈரத்தில் கால் வழுக்கி விழுவது சறுக்கல். மூன்று உறையில் இருந்த பணம் ஒரே பக்கமாகச் சறுக்கி, நாலு மாசம் படுத்துக் கிடந்து, கேள்வி வந்த அன்று எழுந்து நடந்து வங்கிக்குப் போனது என்றால், நம்ம அம்மனுக்கு இருக்கிற சக்தியை விட அந்தப் பணத்துக்குச் சக்தி அதிகம் போலிருக்கு.

யாருக்குத் தமிழ், யாருக்கு ஆங்கிலம்?

நம்ம கோயில் வட்டாரத்துல இத்தனை வருஷமா நான் கவனிச்ச ஒன்றைச் சொல்றேன். நீங்களும் கவனிச்சிருப்பீங்க.

வாசலில் விட்ட செருப்பை ஒருத்தன் மாட்டிக்கிட்டுப் போனா அவன் பெயர் திருடன். கயிற்றில் பசை தடவி உண்டியல் வாய் வழியா நோட்டை இழுக்கப் பார்த்த பையன் பெயரும் திருடன். அவனுக்கு அறையும் விழும், போலீசும் வரும், சிசிடிவி படமும் ஃபேஸ்புக்கில் போகும். சமையல்கட்டில் உதவி செய்ய வந்த பெண் ஒரு டின் எண்ணெயை வீட்டுக்குக் கொண்டு போனா, "கை நீளம்" என்று ஊர் முழுக்கப் பேச்சு. இவங்க எல்லாருக்கும் நாம் தமிழில் பெயர் வைக்கிறோம். தயக்கமே இல்லை.

அதே உண்டியலைத் திறந்து எண்ணுகிற மேசையில் உட்கார்ந்தவர் விஷயம் வந்தால், உடனே நமக்கு ஆங்கிலம் வந்துவிடுகிறது. அவர் எடுத்தால் 'டிஸ்கிரிபன்சி'. எண்ணெய் டின் இல்லாமல் எண்ணெய் வாங்குகிற ஒப்பந்தத்தையே மச்சானுக்குக் கொடுத்தால் 'புரோசீஜர் இஷ்யூ'. கூட்டத்தில் இல்லாததை இருப்பதாகச் சொன்னால் 'மிஸ்கம்யூனிகேஷன்'.

செயல் ஒன்றுதான். செய்தவரின் கழுத்தில் மாலை விழுந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் நாம் மொழியைத் தேர்ந்தெடுக்கிறோம். ஏழைக்கும் வேலைக்காரருக்கும் தமிழ். பதவிக்கும் பட்டத்துக்கும் ஆங்கிலம். இதைவிடப் பெரிய அநியாயம் ஒரு கோயில் வாசலுக்குள் நடக்க முடியுமா?

நம்ம கூட்டங்களில் ஓடுகிற சொற்கள்

பத்துப் பதினைந்து கூட்டங்களில் காதால் கேட்ட சொற்களை மட்டும் சொல்கிறேன்.

'ரோலிங்'. கும்பாபிஷேகத்துக்கென்று வசூலித்த பணத்தைச் சொந்த வியாபாரத்தில் போட்டு ஓட்டுவதற்குப் பெயர். "சும்மா ரோல் பண்ணேன் அண்ணே, ரெண்டு மாசத்துல வச்சிடுவேன்." பணம் கோயிலோடது, லாபம் யாரோடது?

'அட்வான்ஸ்'. யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்வது. கேட்டு வாங்கினால்தான் முன்பணம். கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

'அட்ஜஸ்ட்மென்ட்'. இரண்டு எண்கள் ஒத்துப் போகாதபோது ஒன்றைத் திருத்தி மற்றதோடு சேர்த்து வைப்பது. தமிழில் சொன்னால் பொய்க் கணக்கு.

'பேக்டேட்'. இன்று எழுதிய கடிதத்துக்கு மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி போடுவது. சொல்லும்போது ஏதோ அலுவலக வேலை மாதிரி இருக்கு. உண்மையில் அந்தத் தாளில் எழுதிய முதல் வரியே பொய்.

'கமிஷன்'. பந்தல்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் தரும் பங்கு. நம்ம ஊர்ல இதுக்கு 'கோப்பிக் காசு' என்று இன்னொரு பெயரும் உண்டு. ஒரு கோப்பி விலை எவ்வளவு ஐயா? பந்தல்காரர் அந்தக் காசைத் தன் வீட்டிலிருந்தா தருகிறார்? பில்லில் ஏற்றி நம்மகிட்டத்தான் வாங்குகிறார்.

'செட்டல்'. அல்லது 'கௌதிம்'. நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்து, வெளியே தெரியாமல் மூடிவிடுவது. கடன் தீர்ந்தால் செட்டல். கேள்வி கேட்டவர் வாயை அடைத்தால் அதுவும் செட்டல்.

'ஓவர்சைட்'. இது எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு பொருள். மேற்பார்வை பார்ப்பதும் ஓவர்சைட், பார்க்காமல் கோட்டை விடுவதும் ஓவர்சைட். ஆகவே, "எங்கள் ஓவர்சைட்டில்தான் எல்லாம் நடந்தது" என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்துக்கொண்டிருந்தாரா, பார்க்காமல் இருந்தாரா என்று கடைசிவரை நமக்குத் தெரியாது.

இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கு. எதிலும் ஆள் இல்லை. லாப்ஸ் 'ஏற்பட்டது'. டிஸ்கிரிபன்சி 'காணப்பட்டது'. அட்ஜஸ்ட்மென்ட் 'செய்யப்பட்டது'. திருட்டு என்று சொன்னால் உடனே 'யார்?' என்ற கேள்வி வரும். பொய் என்று சொன்னால், 'சொன்னவர் யார்?' என்று கேட்பாங்க. லாப்ஸ் என்றால் யாரும் யாரையும் கேட்க மாட்டாங்க. அதுக்காகத்தான் அந்தச் சொல் அங்கே வந்திருக்கு.

ஆங்கிலத்தைத் திட்டவில்லை

உடனே ஒரு தம்பி, "அண்ணே தமிழ் வெறி" என்று எழுத வருவார். இல்லை தம்பி. பாவம், ஆங்கிலம் என்ன செய்யும்? ஆங்கிலத்திலும் உறைக்கிற சொற்கள் நிறைய இருக்கு. ஸ்டீல், லை, சீட், திருட்டுக்கும் பொய்க்கும் ஏமாற்றுக்கும் அவங்க சொல்ற அந்தச் சொற்கள் எல்லாம் ஒரே அசை, கன்னத்தில் அறைந்த மாதிரி. நாம் அதையெல்லாம் விட்டுவிட்டு மெத்தை வைத்த சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறோம்.

ஏமாற்றுக்காரனுக்கு அவங்க 'கான்மேன்' என்கிறாங்க. அதன் கதை தெரியுமா? 1849-இல் நியூயார்க் நகரில் வில்லியம் தாம்சன் என்று ஒருத்தன். நன்றாக உடுத்திக்கொண்டு வந்து முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுப்பான். நாளை வரைக்கும் உங்கள் கடிகாரத்தை என்னிடம் ஒப்படைக்கிற அளவுக்கு என் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பான். மனிதர்கள் வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுவாங்க. அவன் போய்விடுவான். பிடிபட்டபோது பத்திரிகைகள் அவனுக்கு 'நம்பிக்கை மனிதன்' என்று பெயர் வைத்தன. அந்த 'கான்ஃபிடன்ஸ்' என்ற சொல்லின் முதல் எழுத்துகள்தான் இன்றைய 'கான்'. அவன் யாரையும் அடிக்கவில்லை, பூட்டை உடைக்கவில்லை. நம்பியவர்கள் கையாலேயே வாங்கிக்கொண்டான். கோயிலில் நடக்கிற மோசமும் இதே வகைதான். "என்னை நம்ப மாட்டீங்களா?" என்பதுதான் அங்கேயும் முதல் வசனம்.

மலாய்க்காரங்க சொல்லையும் பாருங்க. இந்தக் குற்றத்துக்கு அவங்க நாளிதழில் எழுதுவது 'பெச்சா அமானா'. அமானா என்றால் நம்பி ஒப்படைத்தது, பெச்சா என்றால் உடைந்தது. கம்பத்துப் பாட்டிக்கும் புரியும். நமக்கும் அது போலவே 'நம்பிக்கை மோசடி', 'கையாடல்' என்று நல்ல சொற்கள் இருக்கு. நம்ம கோயில் கூட்டக் குறிப்புகளில் ஒருமுறைகூட அவற்றை நான் பார்த்ததில்லை.

"திருப்பிக் கொடுத்துட்டாரே, இன்னும் என்ன?"

வாட்ஸ்அப்பில் நூறு முறை வந்த கேள்வி இது. இதற்கு இரண்டு பதில் சொல்கிறேன்.

முதல் பதில் நாட்டுச் சட்டம். நம்ம குற்றவியல் சட்டம் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்தது. 1871-இல் ஜலசந்திக் குடியேற்றங்களுக்கு, அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கு, அதைத் தழுவித்தான் சட்டம் இயற்றினாங்க. இன்றைய மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 403-ஆவது பிரிவு கையாடலைப் பற்றியது. அந்தப் பிரிவின் முதல் விளக்கமே இந்தக் கேள்விக்குத்தான் பதில்: நேர்மையற்ற எண்ணத்தோடு கையாடினால், கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்திருந்தாலும் அது கையாடல்தான். நம்பி ஒப்படைத்த பொருளில் இப்படிச் செய்தால் 406-ஆவது பிரிவு. ஓராண்டுக்குக் குறையாத, பத்தாண்டு வரையிலான சிறை, பிரம்படி, அபராதம். அந்த எண்ணம் இருந்ததா என்பதை நிரூபிக்க வேண்டும், அது வேறு. ஆனால், 'திருப்பிக் கொடுத்தாச்சு, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை' என்று சட்டம் சொல்வதில்லை.

இரண்டாவது பதில் பக்கத்து நாட்டில் இருக்கு. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலை நம்மில் தரிசிக்காதவர் குறைவு. 1827-இல் தோன்றிய கோயில். அங்கே தலைமை அர்ச்சகராக இருந்தவர் 2016 முதல் 2020 வரை அம்மனின் தங்க நகைகளை அடகுக் கடையில் வைத்துப் பணம் வாங்கினார். கணக்காய்வு வரும் நேரத்தில் மீட்டுக்கொண்டு வந்து வைப்பார். முடிந்ததும் மறுபடி அடகு. நான்கு வருடத்தில் இப்படி அடகில் வாங்கிய தொகை 20 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். 2020-இல் கோவிட் காலத்துக் கணக்காய்வில்தான் வெளியே வந்தது. கடைசியில் நகைகள் எல்லாம் கோயிலுக்குத் திரும்பிவிட்டன. நம்ம குழுவில் உள்ள சிலர் கணக்குப்படி பார்த்தால் அது 'ரோலிங்' தானே? ஒரு குண்டுமணித் தங்கம் குறையவில்லையே? 2023 மே மாதம் நீதிமன்றம் அவருக்கு 6 ஆண்டு சிறை கொடுத்தது.

அந்த நான்கு வருடமும் கருவறை முன்னால் கண்ணை மூடி நின்ற ஆயிரக்கணக்கான பேரை நினைச்சுப் பாருங்க. நகை திரும்பி வந்துவிட்டது. அவங்க நம்பி நின்ற நிற்பை யார் திருப்பிக் கொடுப்பது?

உபயப் பணமும் அதே மாதிரிதான். நம்ம கோயிலுக்கு உபயம் கட்டுகிற பலர் தோட்டத்தில் பால் மரம் சீவிய கைகளோடு வருகிறவங்க. இ.பி.எஃப் பணம் எடுத்த அன்று அம்மனுக்கென்று ஒரு பங்கை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தருகிறாங்க. அந்தப் பணத்தில் அவங்க கணவர் திதி இருக்கு, பேத்தி பரீட்சை இருக்கு. அது நாலு மாசம் யாரோ ஒருவரின் கார் தவணையைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தால், தொகை அதே தொகைதான். உபயம் அதே உபயமா?

நம்ம முன்னோர் இப்படிப் பேசவில்லை

சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி எல்லாரும் மேடையில் பெருமையாகப் பேசுவோம். குடவோலை முறை, உலகத்துக்கே முன்னோடி என்று கை தட்டுவோம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆகிய ஆண்டுகள். கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறாங்க. குடத்தில் ஓலை போட்டதை மட்டும் சொல்கிற நாம், யார் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்று அதே சுவர் சொல்வதைச் சொல்வதில்லை.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கக் கூடாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. பிறர் பொருளைத் திருடியவர் நிற்கக் கூடாது. ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு ஒதுங்கி இருக்க வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கணக்குக் காட்டாததைக் கணக்குக் காட்டாதது என்றே கல்லில் வெட்டினாங்க. சறுக்கல் என்று வெட்டவில்லை. நாம் காகிதத்தில் எழுதவே பயப்படுகிறோம்.

கோயில் சொத்தில் கை வைத்தவரைச் 'சிவத்துரோகி' என்று சொல்கிற சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. 'சிவன் சொத்து குல நாசம்' என்று நம்ம பாட்டிமார் சொன்னது சும்மா பயமுறுத்த இல்லை. அந்தச் சொத்து யாருடையதும் இல்லை என்று நினைத்து எடுக்கிறவனுக்கு, அதற்கு உரியவர் ஒருவர் இருக்கிறார் என்று ஞாபகப்படுத்த. வள்ளுவரும் கள்ளாமைக்கு என்று ஒரு தனி அதிகாரமே ஒதுக்கினார், அடுத்த அதிகாரம் வாய்மை. திருடாமல் இருப்பதையும் உண்மை பேசுவதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எனக்குத் தோன்றுவது இதுதான்: எடுத்ததை மறைக்கப் பொய் வேண்டும், பொய்ச் சொல் கிடைத்துவிட்டால் எடுப்பது சுலபமாகிவிடும்.

தமிழ் மட்டும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. நம்மகிட்டயும் மழுப்பல் இருக்கு. 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்று சொல்லிச் சிரிக்கிறது யார்? நாம்தான். இன்னொரு விசித்திரம் பாருங்க. ஏமாற்றுவதற்கு நம்ம பேச்சில் உள்ள சொற்களில் பாதி கோயிலிலிருந்தே வந்தவை. நாமம் போட்டுட்டான், மொட்டை அடிச்சுட்டான், சுவாஹா பண்ணிட்டான். யாகத்தில் சொல்கிற சொல்லும், முடி காணிக்கையும், நெற்றியில் இடுகிற நாமமும் மோசடிக்குப் பெயராகிப் போயிருக்கு. இந்தச் சொற்களை உண்டாக்கிய சனங்க எதைப் பார்த்து உண்டாக்கினாங்க என்று யோசிச்சா வெட்கமா இருக்கு. ஆனாலும் அந்தக் கேலியில் குறைந்தபட்சம் ஏமாந்தவனின் வலி இருக்கு. 'லாப்ஸ்' என்பதில் ஏமாந்தவனே இல்லை.

கேட்டுக் கேட்டுச் சலித்த வேறு சில பதில்கள்

"அவர் கோயிலுக்கு எவ்வளவு செஞ்சிருக்கார் தெரியுமா?" தெரியும். செய்ததற்கு நன்றி. நன்றிக்கு மாலை போடலாம், பொன்னாடை போர்த்தலாம். செய்த சேவையைக் காட்டிக் கணக்கைக் கழிக்க முடியாது. அப்படிக் கழித்தால் அது சேவை இல்லை, தவணை முறை வியாபாரம்.

"எல்லாக் கோயில்லயும் இருக்கிற வழக்கம்தானே?" ஊழல் வழக்கில்கூட, எங்கள் தொழிலில் இது வழக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் அந்த மாதிரிச் சாட்சியத்தை ஏற்றுக்கொள்வதில்லை. நீதிமன்றம் ஏற்காததைச் சந்நிதியில் ஏற்கச் சொல்கிறீங்களா?

"வெளியே தெரிஞ்சா கோயில் மானம் போயிடும்." மானம் எடுத்த அன்றைக்கே போயாச்சு. நாம் பேசுவது அதை மீட்கத்தான். மூடி வைத்த கோயிலுக்கு இளைஞர் வருவதில்லை. அவங்க நம்மை விட நல்லா ஆங்கிலம் படிச்சவங்க. 'லாப்ஸ்' என்று நாம் எழுதினால் அதன் உள்ளே என்ன இருக்கு என்று நமக்கு முன்னால் அவங்களுக்குப் புரியும். சிரித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் விலகிப் போவாங்க.

"சாமி பார்த்துக்கும்." சாமி பார்த்துக்கும்தான். அதுக்காக நாம் கண்ணை மூடிக்கச் சொல்லி எந்த ஆகமத்தில் இருக்கு? உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டதே மனுஷன்தானே.

கடுஞ்சொல் சொல்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை

இப்போது மறுபக்கம். இந்தப் பிரச்சினை வந்ததிலிருந்து இன்னொரு வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். "திருட்டுக் கும்பல்", "கொள்ளைக்காரன்", குடும்பத்தையும் இழுத்து வசை. பெயரைப் போட்டு, படத்தைப் போட்டு எழுதறாங்க. விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. இதுவும் பொய்தான் ஐயா. நிரூபிக்காததை நிரூபித்த மாதிரி சொல்வதும் நேர்மைக்கேடுதான். புறங்கூறக் கூடாது என்பதற்கும் வள்ளுவர் தனி அதிகாரம் வைத்திருக்கிறார்.

தமிழில் தவற்றுக்கு ஒரே சொல் இல்லை, ஒரு அளவுகோலே இருக்கு. கூட்டலில் எண் மாறினால் பிழை. ரசீது எழுத மறந்தால் தவறு. விதி தெரிந்தும் மீறினால் குற்றம். நம்பியவரை ஏமாற்றினால் துரோகம். எந்தச் செயலுக்கு எந்தச் சொல் என்று பார்த்து வைக்க வேண்டும். பிழை செய்தவரைத் துரோகி என்பது கொடுமை. துரோகத்தைப் பிழை என்பது அதைவிடக் கொடுமை, ஏனென்றால் அதில் நாமும் பங்காளி ஆகிறோம்.

"விசாரிக்காமல் திருட்டு என்று எழுத முடியாது" என்று நிர்வாகத்தினர் சொல்கிறாங்க. முழுக்கச் சரி. அப்படியானால் விசாரிக்காமல் 'லாப்ஸ்' என்று மட்டும் எப்படி எழுத முடியும்? அதுவும் ஒரு தீர்ப்புதானே? குற்றம் நடக்கவில்லை, சறுக்கல்தான் நடந்தது என்று முடிவு கட்டிவிட்டு, அதைப் பேரவை கை தூக்கி ஏற்க வேண்டும் என்கிறீங்க. நான் கை தூக்க மாட்டேன்.

உண்மையிலேயே அது மறதி என்றால், விசாரணை அந்த மனிதரைக் காப்பாற்றும். ரசீதுப் புத்தகமும் சாவிப் பதிவேடும் அவருக்குச் சாட்சி சொல்லும். அவர் தலை நிமிர்ந்து நடக்கலாம். 'லாப்ஸ்' என்று எழுதி மூடினால், அவர் நல்லவராகவே இருந்தாலும் காலம் முழுக்க முதுகுக்குப் பின்னால் பேச்சு ஓடும். மழுப்பல் சொல் குற்றவாளியைத் தப்ப விடும், நிரபராதியைக் கறையோடு விடும்.

பொதுக்கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியது

உறுப்பினர்கள் வாங்க. உபயதாரர்கள் உறுப்பினராக இல்லாவிட்டாலும் கேள்வியை எழுதி உறுப்பினரிடம் கொடுத்து அனுப்புங்க. ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். அதில் நம்ம கணக்கும் போகும். ஆகவே இது நாலு சுவருக்குள் நாம் விளையாடுகிற சொல் விளையாட்டு இல்லை.

நான் முன்மொழியப் போவது இவைதான். ஆதரிக்க ஒருவராவது வேணும்.

ஒன்று, ஏழாவது தீர்மானத்தில் உள்ள 'நிர்வாக லாப்ஸ் சரிசெய்யப்பட்டது' என்ற தொடரை நீக்க வேண்டும். அதற்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்: மூன்று உபயதாரர்கள் செலுத்திய பணம் நான்கு மாதம் வங்கியில் செலுத்தப்படவில்லை, காரணம் விசாரிக்கப்படும்.

இரண்டு, நிர்வாகத்தில் இல்லாத மூன்று பேர் விசாரிக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் பேச முழு வாய்ப்புத் தர வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மறதி என்றால் மறதி என்று எழுதட்டும். கையாடல் என்றால் கையாடல் என்று எழுதட்டும்.

மூன்று, உண்டியல், உபயம், அர்ச்சனைச் சீட்டு, எந்தப் பணமானாலும் இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, மறு வேலை நாளிலேயே வங்கியில் செலுத்த வேண்டும். நல்லவர்களுக்கு இது அவமானம் இல்லை, கவசம்.

நான்கு, கணக்கறிக்கையில் 'இதர', 'அட்ஜஸ்ட்மென்ட்' என்ற தலைப்புகளில் வருகிற ஒவ்வொரு தொகைக்கும் கீழே, எதற்கு, யாருக்கு, யார் ஒப்புதலில் என்று ஒரு வரி தமிழில் இருக்க வேண்டும். தமிழில் ஒரு வரி எழுத முடியாத செலவு செய்யக் கூடாத செலவு.

கூட்டத்தில் யாராவது எழுந்து, "ஏன் இவ்வளவு கடுமையான சொல்?" என்று கேட்டால், அமைதியாகத் திருப்பிக் கேளுங்க: "இதையே கூட்டிப் பெருக்க வருகிற அக்கா செய்திருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?" அதற்கு வருகிற பதில்தான் சரியான சொல். அதையே கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்க.

கூட்டம் ஞாயிறு காலை 10 மணி, கோயில் மண்டபத்தில். பசியாற இட்லி உண்டு. போன வருஷ ரசீது வீட்டில் இருந்தால் மறக்காமல் எடுத்துக்கிட்டு வாங்க. பகிர நினைக்கிறவங்க பகிரலாம், பெயர் சேர்க்காமல் பகிருங்க.

ஓம் சக்தி.